சொல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது: எழுத்துப்பிழை திருத்திக்கு இதை யார் சொல்கிறார்கள்?

#1 வரிநிரல்

வணக்கம். பைத்தானில் எழுதிய ஒரு டெக்ஸ்ட் எடிட்டர், எழுத்துப்பிழை பார்க்கும் ஹன்ஸ்பெல் நூலகம், தமிழ் அகராதிக் கோப்புகள் இரண்டு (விகுதி விதிகளுக்கு ஏஎஃப்எஃப், சொற்பட்டியலுக்கு டிஐசி). ஆங்கிலம் ஒழுங்காக வேலை செய்கிறது. தமிழில் ஏறக்குறைய எல்லாச் சொல்லின் கீழும் சிவப்புக் கோடு விழுகிறது, அதுவும் துண்டு துண்டாக. ‘விடுதலை’ என்ற சொல் அகராதியில் இருந்தும் அதற்குள் மூன்று தனிக் கோடுகள். ‘2024ஆம்’, ‘2024-ஆம்’ இரண்டையும் பிழை என்கிறது. ‘கி.மீ.’ எப்படி எழுதினாலும் பிழை.

வரியைச் சொற்களாக வெட்ட ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையில் வடிவம் தேடும் குறியீடு) பேக்ஸ்லாஷ் டபிள்யூ, பிளஸ் குறி. வேறு எதுவும் இல்லை. அகராதியைத் திருத்த வேண்டுமா, எடிட்டரையா?

#2 குறியெண்

எடிட்டரைத்தான். ஹன்ஸ்பெல் நூலகத்துக்கு வரி, பத்தி என்று எதுவும் தெரியாது. நீங்கள் ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) கொடுத்து ‘இது சொல்லா?’ என்று கேட்கிறீர்கள். அது ஆம் அல்லது இல்லை என்கிறது. எல்லையைப் போடுவது முழுக்க உங்கள் நிரல்.

பைத்தானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகத்தில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ என்றால் எழுத்து, எண், அடிக்கோடு. யூனிகோடில் தமிழ் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ வகையில் இல்லை, ‘குறி’ வகையில் இருக்கின்றன. ஆகவே அந்த நூலகம் ஒவ்வொரு கொம்பிலும் சுழியிலும் புள்ளியிலும் சொல்லை வெட்டும். ‘விடுதலை’ என்பது ‘வ’, ‘ட’, ‘தல’ என மூன்றாகும். உங்கள் மூன்று கோடுகள் இவைதான். ‘தமிழ்’ என்று கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு வரும்.

ஜாவாஸ்கிரிப்டில் இதே குறியீடு வேறு விதமாகத் தவறும். அங்கே அது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே; யூனிகோடு கொடியைப் போட்டாலும் மாறாது. தமிழ் வரியில் ஒரு சொல்லும் கிடைக்காததால் கோடே விழாது. ‘பிழையே இல்லை’ என்று பார்ப்பவர் நம்பிவிடுவார். துண்டு துண்டாகக் கோடு விழுவதைவிட இது மோசம், ஏனென்றால் யாரும் புகார் செய்ய மாட்டார்கள்.

குறைந்தபட்சத் திருத்தம்: எழுத்து, எண் வகைகளோடு குறி வகையையும் சேர்த்த வடிவம். ஜாவாஸ்கிரிப்டில் யூனிகோடு பண்பைச் சொல்லும் வசதி உண்டு. பைத்தானில் தனியாக நிறுவும் ‘ரெஜெக்ஸ்’ தொகுப்பில் உண்டு. உடன் வரும் நூலகத்தில் இல்லை. ஆனால் இதோடு நின்றால் ‘2024ஆம்’, ‘கி.மீ.’ இரண்டும் அப்படியே இருக்கும். அவற்றுக்கு வகை போதாது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் விதி வேண்டும்.

#3 சொற்கட்டு

குறியெண் சொன்னதன் தொடர்ச்சி. அந்த விதிகளை நீங்களே எழுத வேண்டியதில்லை. யூனிகோடின் 29ஆம் இணைப்பு சொல் எல்லைக்கான இயல்பு விதிகளைத் தருகிறது. ஐசியு என்ற யூனிகோடு நூலகம் அவற்றைச் செயல்படுத்துகிறது. உலாவிகளில் ஜாவாஸ்கிரிப்டுக்கு இன்ட்ல் செக்மென்டர் என்ற வசதி இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் 2024இல் 125ஆம் பதிப்பில்தான் வந்தது.

தமிழுக்கு வேண்டியவை நான்கைந்து விதிகள்தான்.

4ஆம் விதி: ஓர் எழுத்தை ஒட்டி வரும் குறிகளை அந்த எழுத்தின் பகுதியாகவே கொள். உங்கள் மூன்று கோடுகள் இதிலேயே போய்விடும். ஆய்தம் இதில் வராது. அது யூனிகோடில் எழுத்து வகையிலேயே இருக்கிறது, ‘அஃது’, ‘ஃபோன்’ எதுவும் உடையாது.

6, 7 விதிகள்: இரண்டு எழுத்துகளுக்கு நடுவே முற்றுப்புள்ளியோ தனி மேற்கோள் குறியோ வந்தால் வெட்டாதே. ‘கி.மீ.’ என்பதில் நடுப்புள்ளி உள்ளே இருக்கும், கடைசிப் புள்ளி வெளியே போகும். மேற்கோளுக்குள் வரும் சொல்லில் முன்னும் பின்னும் உள்ள குறிகள் உதிர்வதற்கும் இதே விதி காரணம்: ஒரு பக்கம்தானே எழுத்து இருக்கிறது.

9, 10 விதிகள்: எண்ணும் எழுத்தும் ஒட்டி வந்தால் ஒரே சொல். ‘2024ஆம்’ முழுதாக வரும், அகராதியில் அது இருக்காது. இடைக்கோடு சொல்லுக்குள் அனுமதிக்கப்பட்டதல்ல என்பதால் ‘2024-ஆம்’ இரண்டாகிறது, ‘ஆம்’ அகராதியில் இருப்பதால் தப்பிக்கிறது.

ஆகவே ஐசியு கொடுத்த துண்டை அப்படியே அகராதிக்குத் தள்ளாதீர்கள். தொடக்கத்தில் இலக்கங்கள் இருந்தால் அவற்றைக் கழற்றி மீதியை மட்டும் கேளுங்கள். மீதி ‘ஆம்’, ‘ஆவது’, ‘இல்’, ‘க்கு’ போன்ற விகுதியாக இருக்கும். ‘க்கு’ தனிச் சொல் அல்ல, அதனால் எண்ணுக்குப் பின் வரும் விகுதிகளுக்கு ஒரு சிறு பட்டியலை அகராதிக்கு வெளியே வைத்துக்கொள்வது நல்லது. டிஐசி கோப்பில் ‘க்கு’ என்று சேர்த்தால், தவறாகப் பிரித்து எழுதப்பட்ட ‘வீட்டு க்கு’ என்பதும் சரியாகிவிடும்.

ஐசியு ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிலை எண் தருகிறது. 100க்குக் கீழ் என்றால் இடைவெளி, நிறுத்தக்குறி. 100 முதல் எண். 200 முதல் எழுத்து. 200க்குக் கீழ் உள்ளவற்றை அகராதியிடம் கேட்கவே வேண்டாம்.

#4 பிழைநீக்கி

6, 7 விதிகளின் விலையையும் சொல்லிவிட வேண்டும். ‘வந்தான்.பிறகு’ என்று புள்ளிக்குப் பின் இடைவெளி விடாமல் தட்டச்சு செய்தால் அதுவும் ஒரே சொல்லாகிறது. முழு நீளத்துக்கும் கோடு, பரிந்துரை எதுவும் உருப்படியாக வராது. எழுதியவர் இரண்டு சொல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அகராதியைக் குறை சொல்வார்.

செய்ய வேண்டியது: முழுச் சொல்லை முதலில் கேட்பது, இல்லையென்றால் நடுப்புள்ளியில் உடைத்து இரண்டையும் கேட்பது, இரண்டும் சரியென்றால் சொற்களை விட்டுவிட்டு, புள்ளி இருக்கும் அந்த ஓர் இடத்தில் மட்டும் ‘இடைவெளி விடுபட்டது’ என்று காட்டுவது. குரோமியம் உலாவியின் திருத்தி சுருக்கச் சொற்களுக்கு இதே போன்ற வழியைத்தான் கையாள்கிறது: சேர்ந்ததாக ஒருமுறை, கிடைக்காவிட்டால் பகுதிகளாக.

#5 வரிநிரல்

நன்றி. இடைக்கோட்டில் குழப்பம் தீரவில்லை. ஏஎஃப்எஃப் கோப்பில் ‘வேர்ட்சார்ஸ்’, ‘பிரேக்’ என்று இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. இவை எல்லையைத் தீர்மானிப்பவை இல்லையா? அப்படியானால் அகராதிக்கும் இதில் பங்கு இருக்கிறதே.

#6 குறியெண்

பங்கு உண்டு, ஆனால் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வேலை செய்பவை.

‘வேர்ட்சார்ஸ்’ கட்டளை வரியில் ஓடும் ஹன்ஸ்பெல் நிரலுக்கானது. அது தானே வரியைப் படித்து வெட்டுவதால், எழுத்தல்லாத எந்தக் குறிகளைச் சொல்லின் பகுதியாக ஏற்கலாம் என்று அதற்குச் சொல்ல வேண்டும். நூலகத்தை நேரடியாக அழைக்கும் உங்கள் எடிட்டரில் இதற்குத் தானாக ஒரு விளைவும் இல்லை. ஏஎஃப்எஃப் கோப்பைப் படித்து அந்த வரியை எடுத்து உங்கள் வெட்டும் விதியில் சேர்த்தால்தான் பலன். ஈமேக்ஸ் எடிட்டர் அப்படிச் செய்கிறது.

‘பிரேக்’ நூலகத்துக்குள்ளேயே வேலை செய்கிறது. நீங்கள் கொடுத்த சொல் முழுதாகக் கிடைக்காதபோது, எந்தக் குறியில் உடைத்துப் பகுதிகளைத் தனித்தனியே பார்க்கலாம் என்று சொல்வது அது. எதுவும் எழுதாவிட்டால் இயல்பாகவே இடைக்கோட்டில் உடைக்கும்: நடுவில், தொடக்கத்தில், முடிவில் மூன்றிலும். வேண்டாமென்றால் ‘பிரேக் 0’.

இதிலிருந்து வருவது: இடைக்கோட்டில் எடிட்டர் முந்திக்கொண்டு வெட்டிவிட்டால் ‘பிரேக்’ விதிக்கு வேலையே வராது. அகராதியில் இடைக்கோட்டோடு ஒரு சொல் இருந்தாலும் அது ஒருபோதும் தேடப்படாது. எடிட்டர் கூடியவரை பெரிய துண்டாகக் கொடுக்க வேண்டும், உடைப்பதை எஞ்சினிடம், அதாவது ஹன்ஸ்பெல்லிடம், விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

#7 சொற்கட்டு

அந்தக் கருத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பெரிய துண்டாகக் கொடுத்தால் கோடும் பெரிதாக விழும். நான்கு பகுதி கொண்ட இடைக்கோட்டுச் சொல்லில் மூன்றாவது மட்டும் பிழை என்றால் ஹன்ஸ்பெல் ‘பிழை’ என்று மட்டும் சொல்லும். எந்தப் பகுதி என்று சொல்லாது. எழுதுபவருக்கு வேண்டியது அந்த இடம்.

என் பரிந்துரை இரண்டு சுற்று. முதல் சுற்றில் முழுத் துண்டு. தோற்றால், ‘பிரேக்’ பட்டியலைப் படித்து எடிட்டரே அதே குறிகளில் உடைத்து ஒவ்வொன்றையும் கேட்டு, தோற்ற பகுதிக்கு மட்டும் கோடு. எஞ்சினைக் கூடுதலாக அழைப்பது பிழையான சொற்களுக்கு மட்டும்தான், வேகம் பாதிக்காது.

#8 குறியெண்

இரண்டு சுற்று சரி, ஏற்கிறேன். முதல் கேள்வி முழுத் துண்டாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

#9 விசைப்பலகை

மற்ற நிரல்கள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தால் வடிவமைப்பு எளிதாகும். ஆஸ்பெல் என்ற இன்னொரு திருத்தியில் மொழிக் கோப்பில் ‘ஸ்பெஷல்’ என்று ஒரு வரி. ஒவ்வொரு குறிக்கும் மூன்று இடம்: தொடக்கம், நடு, முடிவு. நட்சத்திரம் போட்டால் அங்கே வரலாம், கோடு போட்டால் வரக்கூடாது. ஆங்கிலத்தில் மேற்கோள் குறிக்கு நடுவில் மட்டும் நட்சத்திரம். பல திருத்திகளை ஒரே வழியில் அழைக்க உதவும் என்சான்ட் நூலகத்திலும் இதே மூன்று நிலைகளைக் கேட்கும் செயற்கூறு உண்டு. ஹன்ஸ்பெல்லின் ‘வேர்ட்சார்ஸ்’ வெறும் பட்டியல், இடம் தெரியாது. அதை அப்படியே நம்பிப் புள்ளியைச் சேர்த்தால் வாக்கியத்தின் கடைசிச் சொல் எல்லாம் புள்ளியோடு வரும்.

விம் எடிட்டரில் ‘மிட்வேர்ட்’: நடுவில் வந்தால் மட்டும் சொல்லின் பகுதி. அதுவே ‘ஸ்பெல்ஆப்ஷன்ஸ்’ அமைப்பில் ‘கேமல்’ என்று கொடுத்தால் ஆங்கில மாறிப்பெயர்களில் பெரிய எழுத்து வரும் இடத்தில் வேறு சொல் என்று கொள்ளும்.

இன்னொன்று, பலர் தடுமாறும் இடம். விஎஸ் கோடில் ‘வேர்ட் செபரேட்டர்ஸ்’ அமைப்பை மாற்றிவிட்டுப் பிழைக்கோடு மாறவில்லை என்பார்கள். அது கர்சர் தாவுவதற்கும் இரட்டைச் சொடுக்கில் தேர்வதற்கும் உள்ள எல்லை; பிழை திருத்தியின் எல்லை வேறு. லிப்ரே ஆபீஸின் மூலநிரலில் இது வெளிப்படையாகவே தெரியும்: அகராதிக்கு ஒரு விதிக் கோப்பு, தொகுத்தலுக்கு ஒன்று, சொல் எண்ணிக்கைக்கு ஒன்று. ‘2024-ஆம்’ எண்ணிக்கையில் ஒன்றாகவும் அகராதிக்கு இரண்டாகவும் இருந்தாலும் முரண் எதுவும் இல்லை.

லிப்ரே ஆபீஸில் தமிழ் பார்ப்பவர்களுக்கு: அங்கே உரை முதலில் எழுத்துமுறை வாரியாக மேற்கத்திய, ஆசிய, சிக்கலான எழுத்து என்று பிரிக்கப்படுகிறது. தமிழ் மூன்றாவதில் வரும். மேற்கத்திய மொழி என்ற இடத்தில் எதைத் தேர்ந்தாலும் தமிழ்ச் சொற்களைத் தொடாது. சிக்கலான எழுத்துகளுக்கான மொழியைத் தமிழ் என்று வைக்க வேண்டும்.

#10 கண்ணுறாக்குறி

கண்ணுக்குத் தெரியாத குறிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய உரையில் ‘சரியான சொல்லுக்குக் கோடு விழுகிறது’ என்றால் முதலில் இவற்றைத் தேடுங்கள். குறியெண்களை (யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் தரும் எண்) பதின்ம எண்ணில் தருகிறேன்.

173, மென் இடைக்கோடு (வரி மடங்கும் இடத்தில் மட்டும் தெரிவது). எல்லை விதிகள் இதைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும், ஆகவே சொல் முழுதாகவே வரும். ஆனால் குறி சரத்துக்குள் இருக்கிறது, அகராதியில் அப்படி ஒரு சொல் இல்லை.

8203, அகலமில்லா இடைவெளி. இது சொல்லை வெட்டும். நீண்ட சொற்கள் வரி மடங்குவதற்காகப் பக்கத்தை வடிவமைத்தவர்கள் இட்டிருப்பார்கள். இரண்டு பாதிச் சொற்களுக்கும் கோடு.

8204, 8205, இணைப்பைத் தடுப்பதும் இணைப்பதும். சில பழைய தட்டச்சுக் கருவிகள் ‘க்ஷ’ உருவாகாமல் தடுக்க 8204ஐ இடும். சொல் வெட்டுப்படாது, தேடலில் தோற்கும்.

தமிழுக்கு 173, 8204, 8205 மூன்றையும் தேடலுக்கு முன் நீக்கலாம். எல்லா மொழிக்கும் சேர்த்து நீக்கிவிடாதீர்கள். பாரசீகத்தில் 8204 எழுத்திலக்கணத்தின் பகுதி. சிங்களத்தில் 8205 இல்லாமல் கூட்டெழுத்து இல்லை. மொழி வாரியாக ஏஎஃப்எஃப் கோப்பின் ‘இக்னோர்’ வரியில் எழுதுவது முறையானது. அது அகராதியிலும் உள்ளீட்டிலும் அந்தக் குறிகளை ஒதுக்கிவிடும். ‘ஐகான்வ்’ வரி ஒரு குறியை இன்னொன்றாக மாற்றித் தேடும். வளைந்த மேற்கோள் 8217ஐ நேர் மேற்கோள் 39 ஆக்குவதற்கு ஏற்றது.

இரண்டுமே வெட்டி முடித்த பின்பு நடப்பவை. 8217இல் உங்கள் எடிட்டர் வெட்டிவிட்டால் ‘ஐகான்வ்’ காப்பாற்றாது.

#11 பிழைநீக்கி

அதோடு ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள். ‘கொ’ இரண்டு குறியெண்ணாக வரலாம் (க, 3018), மூன்றாகவும் வரலாம் (க, 3014, 3006). திரையில் வேறுபாடு இல்லை. தேடலுக்கு முன் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றுவது கட்டாயம். ஆனால் மாற்றியதும் நீளம் குறைகிறது, அந்த நீளத்தை வைத்துக் கோடு போட்டால் அதே வரியில் அடுத்தடுத்த கோடுகள் எல்லாம் ஓரெழுத்து இடப்பக்கம் நகரும். எல்லையை மூல உரையில் எடுங்கள், மாற்றத்தை அந்த ஒரு சொல்லின் நகலில் மட்டும் செய்யுங்கள், திரும்பி வந்த விடையை மூல எல்லையில் போடுங்கள்.

ஔகாரத்தில் 3031க்குப் பதில் ‘ள’ எழுத்தையே (2995) தட்டச்சு செய்வது மிகப் பரவலான பிழை. என்எஃப்சி அதைச் சரிசெய்யாது. சரிசெய்யவும் கூடாது, அது உண்மையான எழுத்துப்பிழை.

#12 வரிநிரல்

நகர்வு பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். நூலகத்துக்குப் பதில் ஹன்ஸ்பெல் நிரலைப் பைப் முறையில் (தனி நிரலாக, அதன் வெளியீட்டைப் படித்துக்கொண்டு) ஓட்டி வரி வரியாகக் கொடுத்தால் எளிதல்லவா? அதுவே வெட்டி, பிழைச்சொல்லும் அதன் இடமும் தருகிறதே.

#13 குறியெண்

அங்கே இரண்டு வெட்டிகள் உருவாகின்றன, ஹன்ஸ்பெல் ஒன்று, உங்கள் எடிட்டர் ஒன்று. ஈமேக்ஸ் பயன்படுத்துவோர் ‘மிஸ்அலைன்மென்ட்’ என்ற பிழைச்செய்தியைப் பார்த்திருப்பார்கள். எடிட்டர் ஓரிடத்தில் சொல்லை எதிர்பார்க்கிறது, ஹன்ஸ்பெல் வேறிடம் சொல்கிறது என்பதே அதன் பொருள்.

இடம் எந்த அலகில் என்பதும் சிக்கல். ‘தமிழ்’: கண்ணுக்கு 3 எழுத்து, 5 குறியெண், யூடிஎஃப்-8இல் 15 பைட், யூடிஎஃப்-16இல் 5 அலகு. வரும் எண் பைட்டா குறியெண்ணா என்று முதலிலேயே ஒரு வரியால் சோதியுங்கள்: தமிழ்ச் சொல் ஒன்று, இடைவெளி, வேண்டுமென்றே பிழையாக எழுதிய ஆங்கிலச் சொல் ஒன்று. லாங்குவேஜ் சர்வர் நெறிமுறை (எடிட்டரும் மொழிக் கருவியும் பேசிக்கொள்ளும் முறை) வழியே கோடு அனுப்புவதானால் அங்கே இயல்பு யூடிஎஃப்-16; 3.17ஆம் பதிப்பிலிருந்து வேறு அலகைப் பேசி முடிவு செய்யலாம். தமிழில் மட்டும் சோதித்தால் குறியெண்ணும் யூடிஎஃப்-16 அலகும் ஒன்றாகவே தெரியும், தவறு மறைந்திருக்கும். வரியில் ஓர் ஈமோஜியைச் சேர்த்துச் சோதியுங்கள், பெரும்பாலான ஈமோஜிகள் யூடிஎஃப்-16இல் இரண்டு அலகாவது எடுக்கும்.

#14 விசைப்பலகை

வெட்டுவதற்கு முன் மறைக்க வேண்டியவை: இணைய முகவரி, மின்னஞ்சல், மார்க்டவுனில் நிரல் பகுதி, எச்டிஎம்எல் குறிச்சொற்கள். நீக்காதீர்கள், அதே நீளத்துக்கு வெற்றிடம் இட்டு மறையுங்கள், இடக்கணக்கு மாறாது. வரி நடுவே தடித்த எழுத்துக்கான குறிச்சொல் சொல்லின் பாதியில் வந்தால் மட்டும் வெற்றிடம் தவறு, சொல் இரண்டாகும். அங்கே குறிச்சொல்லைத் தாண்டி இரு பாதியையும் சேர்த்து, எந்த எழுத்து எந்த இடத்திலிருந்து வந்தது என்ற அட்டவணை வைக்க வேண்டும். பத்தி, வரிமுறிவுக் குறிச்சொற்கள் என்றால் கட்டாயம் வெட்ட வேண்டும்.

நிரல் கோப்புகளில் சரத்துக்குள் புதுவரியைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் என்: பேக்ஸ்லாஷ் நிறுத்தக்குறியாகப் போய்விடும், ஆங்கில ‘என்’ எழுத்து மட்டும் அடுத்த சொல்லின் தலையில் ஒட்டிக்கொள்ளும். நிரல்மொழியின் இத்தகைய தப்புக்குறிகளை (எஸ்கேப்) முதலில் இரண்டு வெற்றிடமாக்குங்கள்.

‘4 எழுத்துக்குக் குறைந்தால் பார்க்காதே’ என்ற வடிகட்டியைத் தமிழுக்கு அணைத்துவிடுங்கள். குறியெண் கணக்கில் ‘மழை’ மூன்று, ‘வீடு’ நான்கு. ஒன்றைப் பார்த்து ஒன்றை விடுவதற்கு மொழியில் எந்தக் காரணமும் இல்லை.

#15 அகரவரிசை

எல்லை சரியாக விழுந்த பிறகும் தமிழில் தீராமல் நிற்பது ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். வல்லினம் மிகும் இடங்கள். ‘அதைப் பார்த்தேன்’ என்பதில் ‘ப்’ முதல் சொல்லில் இருக்கிறது, அது அங்கே இருப்பதற்கான காரணம் இரண்டாம் சொல்லில் இருக்கிறது. வெட்டும்போதே அந்தக் காரணத்தைத் தொலைத்துவிடுகிறோம். அகராதி ‘அதைக்’, ‘அதைச்’, ‘அதைத்’, ‘அதைப்’ நான்கையும் ஏற்கும், ஆகவே ‘அதைப் கொடு’ என்பது கோடில்லாமல் போகிறது.

துண்டுகளைத் தனித்தனியே தூக்கி எறியாமல் ஒவ்வொரு துண்டோடும் அடுத்த துண்டின் முதலெழுத்தையும் இடையில் உள்ள குறியையும் சேர்த்து வைத்திருந்தால் இதைப் பிடிக்கலாம். சொல் க், ச், த், ப் ஆகியவற்றில் முடிந்தால் அடுத்த சொல் அதே வல்லினத்தில் தொடங்க வேண்டும். இடையே காற்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வந்தால் அந்த மெய்யே கூடாது. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பதால் விதி உறுதியானது. ‘பேஸ்புக்’, ‘மார்க்’ போன்ற கடன்சொற்களுக்கு மட்டும் அகராதியில் ஒரு கொடி வைத்து விலக்குங்கள். மிக வேண்டிய இடத்தில் மிகாததைப் பிடிப்பது இதைவிடக் கடினம், அதற்கு வேற்றுமையும் தொகையும் தெரிய வேண்டும். அது இலக்கணத் திருத்தியின் வேலை.

சேர்த்தெழுதுவதும் பிரித்தெழுதுவதும் இப்படித்தான். ‘அவன் தான்’ என்று பிரித்தால் இரண்டும் அகராதியில் உள்ளவை, பிழை தெரியாது. ‘எழுதிக்கொண்டிருக்கிறார்கள்’ என்று சேர்த்தால் ஹன்ஸ்பெல் இயல்பாக இரண்டு அடுக்கு விகுதிகளைத்தான் கழற்றும், அதற்கு மேல் போகாது. துணைவினைத் தொடரை முன்பே ஒன்றாகக் கோத்து ஒரே விகுதியாக ஏஎஃப்எஃப் கோப்பில் எழுத வேண்டும். கோப்பு பெரிதாகும், வேறு வழியில்லை.

#16 வரிநிரல்

தட்டச்சு செய்யும்போதே பார்ப்பதற்கு? ஒவ்வோர் எழுத்துக்கும் முழு ஆவணத்தையும் வெட்ட முடியாது.

#17 சொற்கட்டு

மாற்றம் நடந்த இடத்திலிருந்து பின்னோக்கி முதல் வெற்றிடம் வரை, முன்னோக்கி முதல் வெற்றிடம் வரை மட்டும் மறுபடி வெட்டினால் தமிழுக்குப் போதும். தாய், கெமர் போன்ற மொழிகளில் சொற்களுக்கிடையே வெற்றிடம் இல்லை, ஐசியு அங்கே அகராதி வைத்து வெட்டுகிறது. அவற்றுக்குப் பத்தி முழுவதையும் எடுங்கள்.

அந்த எல்லைக்குள் இருந்த பழைய கோடுகளை முதலில் அழித்துவிட்டுப் புதியவற்றைப் போடுங்கள். இரு சொற்களுக்கு நடுவே இருந்த இடைவெளியை அழிக்கும்போது பழைய இரண்டு கோடுகளும் தங்கிவிடுவது இதைச் செய்யாததால்தான். அகரவரிசை சொன்ன வல்லினச் சோதனையைச் சேர்த்தால் இடப்பக்கம் ஒரு சொல் கூடுதலாக எடுக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் மாற்றிய சொல்லின் முதலெழுத்து முந்தைய சொல்லின் தீர்ப்பை மாற்றும்.

கர்சர் இருக்கும் சொல்லுக்குக் கோடு வேண்டாம். சொல்லின் கடைசி இடத்தில் கர்சர் நின்றாலும் அதே. ‘தமிழ’ என்று தட்டி, புள்ளி வைக்கும் முன் ஒரு கணம் அது பிழையான சொல்தான். தட்டச்சுக் கருவி எழுத்தைக் கோத்துக்கொண்டிருக்கும்போது, அதாவது கம்போசிஷன் முடியும் நிகழ்வு வரும்வரை, சோதனையையே தொடங்காதீர்கள்.